படகுக்குச் சரி, கூரைக்கும் சரியா?

ஒவ்வொரு மாரி முடிவிலும் திருகோணமலையின் தட்டுக்கூரை வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மின்விசிறிக் கொளுக்கியைச் சுற்றித் துருக்கறை, சுவரும் கூரையும் சேரும் மூலையில் பூஞ்சணம், பொருமி உதிரும் பூச்சு. மேசன் ‘மேலே இன்னொரு சாந்து போடுவம்’ என்பார். கடைக்காரர் நீர்த்தடுப்புப் பூச்சு வாளியைக் காட்டுவார். கடற்கரையில் பைபர் வள்ளம் செய்பவர் சொல்வது வேறு: ‘கடலுக்கை கிடக்கிற வள்ளமே ஒழுகுதில்லை அண்ணை, உங்கடை பிளேட்டுக்கு ஒரு மட் போட்டுவிட்டால் ஒழுகுமே?’ அதற்கு மேல் லண்டனில் இருக்கும் உறவினரும், தம் வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறைமீது பளபளக்கும் பைபர் கூரையைப் படம்பிடித்து அனுப்பிவைப்பார்.

இரண்டும் பொய்ச்சான்றுகள் அல்ல. வள்ளம் ஒழுகுவதில்லை, லண்டன் கூரையும் ஒழுகுவதில்லை. ஆனால் உவர்மலைச் சரிவிலோ மனையாவெளியிலோ பல பத்தாண்டு வெயிலையும் உப்புக்காற்றையும் வாங்கிய கொங்கிறீட் தட்டுக்கு அந்த இரண்டும் சான்றாக நிற்குமா என்பதே வழக்கு. இந்த வேலைக்கு ஒரு குடும்பம் செலவழிப்பது சில சமயம் பல ஆண்டுச் சேமிப்பு. ஆகவே நாலு கேள்விகளை வைத்து நிதானமாகப் பார்ப்போம். நீரைத் தடுக்குமா? அடியிலுள்ள கொங்கிறீட்டோடு ஒத்துப்போகுமா? இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் சரியாகச் செய்து முடிக்க இயலுமா? பிழைத்துப்போனால் திருத்தவோ கழற்றவோ முடியுமா?

முதலில், இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு உருவான சீநோர் நிறுவனம், காரைநகரில் பைபர் படகு கட்டும் தளத்தை நடத்தியது. மெல்ல மெல்ல வடக்கு, கிழக்குக் கரைகளில் மரவள்ளங்களின் இடத்தைப் பைபர் பிடித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு திருக்கடலூர் தொடங்கி மூதூர், கிண்ணியா வரை கரையெங்கும் உதவி நிறுவனங்கள் கொடுத்த பைபர் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. அந்த அவசரத்தில் தரக்குறைவான வள்ளங்களும் கலந்துவிட்டன என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அப்போதே எச்சரித்தது. இதிலிருந்து இரண்டு விடயம் தெரிகிறது. வேலை தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. அதே வேளை, இந்தப் பொருளின் தரம் முழுக்க முழுக்க அடிக்கிற கையிலும் அடிக்கிற சூழலிலும் தங்கியிருக்கிறது. தொழிற்சாலையில் செய்து முடித்த பொருளாக அது நம்மிடம் வருவதில்லை, கூரைமீதே பிறக்கிறது.

அந்தப் பிறப்பைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி இழைகளை இரண்டு அங்குல அளவுக்கு வெட்டித் தாறுமாறாகத் தூவி ஒட்டிய விரிப்புத்தான் மட். கூரை வேலைக்கு வழக்கமாக எடுப்பது சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ளது. பொலியெஸ்ரர் ரெசினில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குவரை ஹார்ட்னர் கலந்து, தளத்தில் உருளையால் பூசி, மட்டை விரித்து, மேலிருந்தும் ரெசின் ஊட்டுவார்கள். வெள்ளையாகக் கிடந்த மட் சில நிமிடத்தில் கண்ணாடிபோல் தெளியும். இழைகளைப் பிடித்திருந்த பசை ரெசினில் கரைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உலோக உருளையால் ஓட்டி ஓட்டிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாக எஞ்சும் ஒவ்வொரு புள்ளியும் ரெசின் போகாத இடம்; நாளை நீர் இறங்கும் வழி. இறுகிய பின் மெழுகு கலந்த நிற மேற்பூச்சு. காற்றுப் பட்டால் ரெசினின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்; மெழுகு மிதந்து வந்து காற்றை மறைத்தால்தான் முழுதாக இறுகும்.

இப்படிச் செய்தால் கிடைப்பது மூட்டே இல்லாத, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள படலம். முதற்கேள்விக்கு விடை ஐயமில்லாமல் ‘ஆம்’. நீர் தேங்கி நின்றாலும் அது பொருட்படுத்தாது. எடையிலும் அதற்கு நிகரில்லை. படலம், மேற்பூச்சு எல்லாம் சேர்ந்து சதுர மீற்றருக்கு இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். இரண்டு அங்குலச் சாந்து போட்டால் அதே சதுர மீற்றரில் 100 கிலோ ஏறும். 60 சதுர மீற்றர்த் தட்டில் பைபர் 150 கிலோ; சாந்து 6 தொன். கம்பி துருப்பிடித்து ஏற்கெனவே களைத்துப்போன தட்டின் தலையில் ஆறு தொன்னை ஏற்றுவது நல்ல மருந்தல்ல. இந்த இடத்தில் பைபர்க்காரரின் வாதம் மேசனின் வாதத்தை வென்றுவிடுகிறது. ஓட்டை விழுந்தால் உரசி, துடைத்து, ஒரு துண்டு மட் வைத்து ஒட்டிவிடலாம் என்பதும் உண்மையே.

இனி லண்டன் படத்துக்கு வருவோம். பிரித்தானியாவில் பைபர் கூரை போடும் முறையில் பழைய தளத்தின்மீது நேரே மட்டை விரிப்பது வழக்கமல்ல. பழையதைப் பெயர்த்தெறிந்து, 18 மில்லிமீற்றர் ஓ.எஸ்.பி. பலகையைப் புதிதாக அடித்து, உலர்ந்த அந்தப் பலகைமீதே பைபரை இடுகிறார்கள். விளிம்புகளுக்கு முன்னமே வார்த்த பைபர்ச் சட்டங்கள். பரப்பு ஏறக்குறைய 50 சதுர மீற்றரைத் தாண்டினால் நடுவே விரிவுமூட்டு. நீர் ஓட 80க்கு 1 என்ற சரிவாவது வேண்டும். வெப்பம் 5 பாகைக்குக் கீழும் 35 பாகைக்கு மேலும் போனால் வேலையை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். அங்கே வெற்றி பெற்றது பைபர் மட்டுமல்ல. பலகை, சட்டம், மூட்டு, குளிர்ந்த காற்று எல்லாம் சேர்ந்த ஒரு முறை. உறவினர் அனுப்பிய படத்தில் தெரிவது அந்த முறையின் மேற்பரப்பு மட்டுந்தான்.

இரண்டாம் கேள்விக்கு விடை இதிலிருந்தே தொடங்குகிறது: இங்கே அடியில் இருப்பது கொங்கிறீட். அது பைபருக்கு மூன்று வகையில் ஒவ்வாத துணை.

முதலாவது ஈரமும் காரமும். திருகோணமலையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,600 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை மூன்றே மாதத்தில் கொட்டுகிறது. ஒழுகுகிற தட்டு என்றால் அந்த நீரைக் குடித்த தட்டு என்று பொருள். மேலே இறுக மூடிவிட்டால் உள்ளேயிருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி மேல்நோக்கி முட்டும், படலம் கொப்புளிக்கும். அதோடு சீமெந்தின் கார நீர் பொலியெஸ்ரரைச் சிதைக்கும். சாதாரணக் கண்ணாடி இழையையும் அரிக்கும். ஈரத்தோடு சேர்ந்து இறுகும் பொலியூரிதேன் அடிப்பூச்சு இட்டு இரண்டையும் பிரித்துவைக்கலாம். ஆனால் தட்டு உலர்ந்திருந்தால்தான் அந்த அடிப்பூச்சும் பிடிக்கும்.

இரண்டாவது அசைவு. வெட்டிழைப் பைபர் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் மீற்றருக்கு ஏறக்குறைய 30 மைக்ரோன் நீளும். கொங்கிறீட் 10 முதல் 12. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் மதியம் சாம்பல்நிறத் தட்டின் மேற்பரப்பு 65 பாகையைத் தொடலாம். இரவில் 25க்கு இறங்கும். இந்த 40 பாகை வேறுபாட்டில் 10 மீற்றர் நீளமான பைபர் 12 மி.மீ. நீள விரும்பும், கொங்கிறீட் 4 அல்லது 5 மி.மீ. மட்டுமே. ஒட்டிக்கிடக்கும் படலத்தால் நீள முடியாது. எனவே அந்த விருப்பம் விசையாக மாறுகிறது. ஒரு மில்லிமீற்றர் படலத்துக்குக் கணக்குப் போட்டால், விளிம்பின் ஒவ்வொரு மீற்றரிலும் ஏறக்குறைய அரைத்தொன் பாரத்துக்குச் சமமான விசை. உறுதியான, சுத்தமான கொங்கிறீட் அதைத் தாங்கும். உள்ளே பொள்ளலாகிவிட்ட பழைய சாந்துப் பூச்சு தாங்காது. அங்கே பைபர் தோற்பதில்லை. தான் ஒட்டிய சாந்தையும் பெயர்த்துக்கொண்டு எழும்பும். பிற்பகலில் திடீரென்று ஒரு மழை அடித்துச் சூடான தட்டைக் குளிர்வித்தால் அதே விசை திசைமாறி இழுக்கும்.

மூன்றாவது வெடிப்பு. தட்டிலுள்ள வெடிப்பு உயிருள்ளது. பகலில் ஒடுங்கி இரவில் திறக்கும். சாதாரண ரெசினில் செய்த வெட்டிழைப் பைபர் 2 சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடும். வெடிப்பின் இரு கரையிலும் இறுக ஒட்டியிருக்கும் படலத்துக்கு நீள்வதற்கென்று நீளமே கிடையாது. கால் மில்லிமீற்றர் திறந்தாலும் அது அந்தக் கோட்டில் முறியும், அல்லது ஒட்டு விடும். கடலில் அலை மோதும் வள்ளம் நாள்தோறும் இதைவிடக் கூடுதலாக வளைகிறதே என்று கேட்கலாம். வள்ளம் முழுதாகத் தன் இயல்பில் வளைகிறது, எதோடும் ஒட்டிக்கிடக்கவில்லை. கரைக்கு இழுத்து வைத்தால் இரு பக்கமும் காய்கிறது. கூரைப் படலத்துக்கு இந்த இரண்டு விடுதலையும் இல்லை. வள்ளத்தைச் சான்றாகக் காட்டும் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

மூன்றாம் கேள்வி, செய்து முடிக்க இயலுமா என்பது. வள்ளம் கொட்டிலின் நிழலில், அச்சுக்குள் உருவாகிறது. கூரைக்கு நிழல் இல்லை. ரெசின் வாளிக்குள் இறுகும் நேரம் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். குளிர்நாட்டில் இருபது நிமிடம் கிடைக்கும் கலவை இங்கே மதியத்தில் கையைச் சுடும் கட்டியாகிவிடும். ஹார்ட்னரைக் குறைத்தால் சரியாகும் என்று சதவீதம் ஒன்றுக்கும் கீழே போனால், ரெசின் முழுதாக இறுகாமலே நின்றுவிடும். காலையில் குளிர்ந்த நேரம் தொடங்கலாமே என்றால், அங்கேதான் கொங்கிறீட்டுக்கே உரிய பொறி இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தட்டின் நுண்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். இறுகிக்கொண்டிருக்கும் ரெசினில் ஊசிமுனைத் துளைகளை இடும். எனவே தட்டு குளிரத் தொடங்கும் பிற்பகலில்தான் பூச வேண்டும். பனி இறங்குமுன் இறுகிவிடவும் வேண்டும். மாரி ஓய்ந்து தட்டு காய்வதற்கு மார்ச் வரும். மே மாதத்துடன் கடும் வெப்பம் தொடங்கிவிடும். ஆக, ஆண்டில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்திலும் நாளுக்குச் சில மணிநேரம். பெரிய கூரையை இந்த இடைவெளிக்குள் ஒழுங்காக முடிப்பது மிகக் கடினம். முடித்தோம் என்று சொல்லப்படும் வேலைகளில் அவசரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அடுத்த மாரியில்தான் தெரியும்.

வேலை செய்பவரின் உடம்பையும் கணக்கில் எடுக்காத தீர்ப்பு முழுமையாகாது. ரெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி 31 பாகையிலேயே பற்றக்கூடியது. நமது பகல் வெப்பம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். காற்றைவிடப் பாரமான அந்த ஆவி படிக்கட்டு வழியே வீட்டுக்குள் இறங்கும். கீழே அடுப்பு எரிந்தால் ஆபத்து. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஸ்ரைரீனைச் சேர்த்திருக்கிறது. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதையும் ரெசினில் சேர்க்கும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒரு இளைஞனை மேலே ஏற்றிவிட்டுக் கீழே நின்று கூலி பேசுவது வீட்டுக்காரருக்கு அழகல்ல. கண்காப்பும் ஆவிமுகமூடியும் கூலிக்குள் அடங்கும் செலவு என்றே எண்ண வேண்டும்.

நாலாவது கேள்வி, கழற்ற முடியுமா. 1957இல் அமெரிக்காவின் டிஸ்னிலாண்டில் மொன்சாண்டோ நிறுவனம் பைபரால் ஒரு ‘எதிர்கால வீடு’ கட்டியது. 1967இல் அதை இடிக்கப்போனபோது இரும்புக்குண்டு மோதித் திரும்பிவந்தது. கடைசியில் துண்டு துண்டாகப் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. இறுகிய பொலியெஸ்ரரை உருக்க முடியாது, மீண்டும் வார்க்க முடியாது, நமது ஊரில் மீள்சுழற்சிக்கு வழியும் இல்லை. பாதி ஒட்டியும் பாதி எழும்பியும் கிடக்கும் பைபர்ப் படலத்தைத் தட்டிலிருந்து அரைத்தெடுப்பதற்கு, போட்டதைவிடக் கூடுதலான உழைப்பு வேண்டும். அரைக்கும்போது கண்ணாடித் தூசு அயலெல்லாம் பறக்கும். பிழைத்த சீமெந்துப் பூச்சின்மீது இன்னொரு பூச்சு போடலாம். பிழைத்த பைபர் அடுத்தவனுக்கு இடம் விடாது.

பணக்கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. ரெசின், மட் இரண்டும் இறக்குமதி. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. ரெசின் வாளியின் விலையும் அதன் பின்னாலேயே ஓடும். சீமெந்தோ இந்தத் துறைமுகத்தின் கரையிலேயே அரைக்கப்படுகிறது. மாற்றுவழிகளுக்கும் குறைகள் உண்டு. தட்டுக்கு மேல் இரும்புச் சட்டமிட்டுத் தகடு போட்டால் வெயிலும் மழையும் ஒரே அடியில் தீரும். ஆனால் 2000 டிசம்பர் 26இல் திருகோணமலையருகே கரைகடந்த சூறாவளியையும், 2020 டிசம்பர் 2 இரவு வடக்கே கரையேறிய புரெவிப் புயலையும் நினைத்தால், பறக்காது என்ற தைரியத்துக்காகவே தட்டு போட்டவர்கள் மீண்டும் தகடு ஏற்றத் தயங்குவார்கள்; உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடிப்பதும் தெரிந்ததே. தீயால் உருக்கி ஒட்டும் தார்விரிப்பு நன்றாகவே நீர் தடுக்கும். கறுப்பாக இருந்தால் வீட்டை அடுப்பாக்கும். இரு கூறாக வந்து கலக்கும் அக்ரிலிக்–சீமெந்துப் பூச்சு சில ஆண்டுக்கொருமுறை மறுபூச்சு கேட்கும். ஆனால் அது தட்டோடு அசையும், ஓரளவு ஆவியை வெளியே விடும், வெள்ளையாகப் பூசினால் வெப்பத்தையும் குறைக்கும். சென்னையின் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் சேர்த்து இடித்துப் போட்ட தளங்கள் நெடுங்காலம் நின்றதும் இதே குணத்தால்தான்: தடிப்பு வெயிலைத் தாங்கியது, சுண்ணாம்பு ஈரத்தை மூச்சுவிட வைத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு பைபரை முற்றாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. தட்டுக்கூரை நடுப்பகுதியில் ஒழுகுவதைவிடப் பெரும்பாலும் விளிம்பிலும் வாயிலிலுந்தான் ஒழுகுகிறது: தண்ணீர்க் குழாய் இறங்கும் துவாரம், கைபிடிச் சுவரின் அடி, தாங்கியின் மேடை. மேசனின் கரண்டி சரியாக நுழையாத இந்த இடங்களுக்குப் பைபர் மிகப் பொருத்தம்.

நீர் இறங்கும் துவாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சீமெந்துக்கும் பி.வி.சி. குழாய்க்கும் இடையே ஒட்டு நிற்பதில்லை. மயிரிழை இடைவெளியால் நீர் இறங்கிக் கம்பியைத் தின்கிறது. பைபர்க்காரர் கொட்டிலின் நிழலிலேயே ஓர் அச்சு செய்து, அகன்ற விளிம்பும் குழாய்க்குள் ஓரடி இறங்கும் கழுத்துமாக ஒரே துண்டில் ஒரு கிண்ணத்தை மூன்று அடுக்கு மட்டில் வார்த்துவிடலாம். விளிம்பின் ரெசின் காயுமுன் மணலைத் தூவிவிட்டால், பிறகு கூரையில் பூசும் சீமெந்துப் பூச்சு அதை இறுகப் பிடிக்கும். தட்டில் அதன் அளவுக்குப் பள்ளம் வெட்டிப் பதித்தால் வேலை முடிந்தது. இங்கே இறுகும் நேரம் ஒரு சிக்கலில்லை, ஊசித்துளை இல்லை, கொங்கிறீட்டின் ஈரம் இல்லை. அரை மீற்றர் அகலத்தில் விரிவுவிசையும் பொருட்டல்ல. பீலிகள், தாங்கிக்கு அடியில் வைக்கும் தட்டங்கள், வாசலின் சிறு மறைப்புகள் எல்லாவற்றையும் இப்படியே செய்யலாம்.

கைபிடிச் சுவரின் அடிமூலையில் மட்டும் மேலேயே மட் விரிக்க வேண்டிவரும். அங்கேயும் கணக்கு இருக்கிறது. மூலையைச் சாந்தால் உருட்டி, மூட்டின் இருபுறமும் 50 மி.மீ. அகலத்துக்கு ஒட்டாத நாடாவை ஒட்டி, அதன்மேல் இரண்டு அடுக்கு மட். இப்போது படலத்துக்கு நீள்வதற்கு 100 மி.மீ. கிடைத்துவிட்டது. மூட்டு அரை மில்லிமீற்றர் திறந்தாலும் அது அரைச் சதவீதந்தான். பைபர் அதைப் பொறுக்கும். சுவர் நீளமாகி அசைவு இதைவிடக் கூடினால் நெகிழும் பசைக்குத்தான் இடம்.

என் தீர்ப்பு இது. கொட்டிலில் வார்த்து மேலே தூக்கிக்கொண்டு போகக்கூடிய எதுவும் பைபருக்கு ஏற்ற கூரைவேலை. கொங்கிறீட்மீது விரித்து வெயிலில் இறுகவைக்க வேண்டிய பெரும்பரப்பு எதுவும் பைபருக்கு ஏற்ற வேலையல்ல. புதிதாக மரப்பலகையில் போடும் சிறு கூரை, நிழலில் இருக்கும் குளியலறைத் தளம் போன்றவை விதிவிலக்கு. அவற்றில் தாராளமாகப் போடலாம். ஒழுகும் பழைய தட்டுக்கு வரிசை வேறு. முதலில் அடைப்பையும் சரிவையும் பாருங்கள். பொரிந்த கொங்கிறீட்டைத் தட்டியெடுத்துக் கம்பியைச் சுத்தம் செய்து அடையுங்கள்; கீழ்ப்பக்கம் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் நோயை மூடிவைத்ததாகவே முடியும். பிறகு வாயில்களுக்கும் மூலைகளுக்கும் பைபர். கடைசியாக முழுத்தட்டுக்கும் நெகிழும் வெள்ளைச் சீமெந்துப் பூச்சு; சில ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பிக்க ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். மேசனும் பைபர்க்காரரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதை விட்டு ஒரே கூரையில் தத்தம் பங்கைச் செய்தால், இருவரின் வேலையும் நிற்கும். முழுத்தட்டையும் ஒரு மட்டால் மூடித் தருகிறேன், இருபது ஆண்டுக்குக் கவலையில்லை என்று யாராவது வந்து சொன்னால், அதற்குச் சம்மதிக்காதீர்கள்.